பதினோராம் ஆள்: மட்டாஸ் புஸெலிஸைக் கணிப்பது பற்றி

இலங்கையில் இருந்துகொண்டு சிக்காகோ புல்ஸின் ஆட்டத்தை நேரடியாகப் பார்க்கிறதெண்டா விடியவே எழும்பவேணும். அங்கே குளிர்காலத்தில் இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்குக் காலை ஆறரைக்கு வரும். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் ஃபோன். வேலைக்கும் கம்பஸுக்கும் வெளிக்கிட வேண்டிய நேரத்தில் மூன்றாவது குவாட்டர் நடந்துகொண்டிருக்கும். எங்களில் நாலைந்து பேர் போன சீசன் முழுக்க இப்படித்தான் கழித்தோம். சிக்காகோ பெரிய அணியெண்டு இல்லை. அதில் ஆடுகிற ஒரு பெடியனைப் பார்க்கத்தான்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேணும். 2024 ஜூனில் என்.பி.ஏ. டிராஃப்ட் நடந்தபோது சிக்காகோ பதினோராவது ஆளாக மட்டாஸ் புஸெலிஸின் பெயரைச் சொன்னது. எங்கட குரூப்பில் அண்டைக்கு என்ன எழுதினம் எண்டு போய்ப் பார்த்தோம். "இன்னொரு மெலிஞ்ச உயரமான ஆள். மூன்று போடத் தெரியாது. இரண்டு வருஷத்தில் காணாமல் போயிடுவார்." எழுதின ஆள் ஒருவர்தான். ஆனால் கீழே விரலை உயர்த்தி ஆமோதித்தது நாங்கள் எல்லாரும்.

இப்போது அவருடைய முதல் சீசன் முடிந்துவிட்டது. 2025 ஒக்டோபரில் அவருக்கு 21 வயது, இரண்டாவது சீசனின் தொடக்கமும் அப்போதுதான். அதற்கு முன் இரண்டு வேலை செய்ய நினைத்தோம். ஒன்று, நாங்கள் ஏன் அப்படிப் பிழைத்தோம் என்று பார்ப்பது. மற்றது, திரும்பவும் கணிப்பது. இந்த முறை எழுத்தில், பெயர் போட்டு, பிறகு தப்பி ஓடமுடியாத மாதிரி.

தோற்றுக்கொண்டே இருந்த அணி

புஸெலிஸ் 2004 ஒக்டோபர் 13ஆம் திகதி பிறந்து, சிக்காகோவின் புறநகரில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவருமே லித்துவேனியாவில் கூடைப்பந்து ஆடியவர்கள். பிறகு கூடைப்பந்துக்காகவே நியூ ஹாம்ப்ஷயர், கன்சாஸ் என்று வேறு மாநிலப் பள்ளிக்கூடங்களுக்கு மாறினார். பள்ளிக் காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் முதலில் சொன்னது, "இந்த உயரத்தில் இவ்வளவு நல்லா எறியிறான்" என்பதைத்தான். மூன்று போடத் தெரியாதவர் என்று நாங்கள் முடிவுகட்டிய அதே ஆள்!

பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் 2023-24 சீசனில் ஜி லீக் இக்னைட் என்ற அணிக்கு ஆடினார். தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம்: பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் பதிலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகட்டும் என்று 2020இல் என்.பி.ஏ. தொடங்கிய இளைஞர் அணி அது. ஜேலன் கிரீன், ஜொனதன் குமிங்கா, ஸ்கூட் ஹெண்டர்சன் எல்லாரும் அதன் வழியாக வந்தவர்கள். பல்கலைக்கழக வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சட்டப்படி உழைக்கலாம் என்று வந்த பிறகு இக்னைட்டின் தேவை குறைந்துபோனது. புஸெலிஸ் ஆடிய சீசன்தான் அதன் கடைசிச் சீசன். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு சீசன் முடிய முதலே வந்துவிட்டது. அந்த வருடம் அந்த அணி வென்றதை விரல்விட்டு எண்ணலாம்.

இந்த நிலைமையை யோசித்துப் பாருங்கோ. பத்தொன்பது வயதுப் பெடியன்கள் சேர்ந்து, என்.பி.ஏ.க்குள் நுழைய முட்டிமோதுகிற வளர்ந்த ஆம்பிளையளுக்கு எதிராக ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன்னுடைய டிராஃப்ட் இடம்தான் முக்கியம். பந்தைப் பகிர்ந்து கொடுத்து ஆட்டத்தை நடத்துகிற அனுபவசாலி குறைவு. இடைவெளி கிடைக்காது, எறிகிற ஷொட்டில் பாதி கடைசி நொடியில் அவசரமாக எறிகிறது. அங்கே புஸெலிஸின் மூன்று புள்ளி எறிதல் நூற்றுக்கு முப்பதைக்கூடத் தொடவில்லை. சீசன் தொடங்க முதல் பல பட்டியல்களில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தவர் பதினோராம் இடத்துக்கு இறங்கினார்.

அடுத்த வருடம் சிக்காகோவில் அதே கை நூற்றுக்கு 36 போட்டது.

கணக்கு என்ன சொல்லுது?

நாங்கள் விட்ட முதல் பிழை இங்கேதான். ஒரு சின்ன சீசனில் ஒரு இளம் வீரர் எறிகிற மூன்றுகள் நூறு வரும், மிஞ்சிப்போனால் நூற்றைம்பது. உண்மையிலேயே நூற்றுக்கு 34 போடக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கோ. அவர் நூறு தரம் எறிந்தால் சரியாக 34 விழும் என்று நியதி இல்லை. 27 அல்லது அதற்கும் குறைவாக விழுவதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஏ.எல்.லுக்குப் புள்ளிவிபரம் படித்த ஆக்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிராஃப்டில் கிட்டத்தட்ட அறுபது பேர் எடுபடுகிறார்கள். அதில் நாலைந்து பேருக்கு இப்படி ஒரு கெட்ட சீசன் வெறும் தற்செயலாகவே வாய்க்கும். அந்த நாலைந்து பேரையும் நாங்கள் "எறியத் தெரியாத ஆக்கள்" என்று பட்டியல் போட்டுவிடுவோம்.

"அப்ப எண்களைப் பார்க்கவே வேண்டாமோ?" என்று கேட்டால், அதுவும் பிழை. அதே இக்னைட் அணியில் ரொன் ஹொலண்ட் என்று இன்னொரு ஃபோர்வர்ட் ஆடினார். அதே தோல்விகள், அதே குழப்பம். அவருக்கும் தூர எறிதல் சரிவரவில்லை. அவரை டெட்ரொயிட் ஐந்தாவதாக எடுத்தது. முதல் வருடத்தில் அவருடைய மூன்றுகளில் நாலில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஹொலண்ட் கடுமையாகத் தடுத்து ஆடுகிற, வேறு வழியில் பிரயோசனமான ஆள் என்பது வேறு கதை. ஆனால் எறிதல் விஷயத்தில் அந்தக் கெட்ட எண் அவருக்கு உண்மை சொன்னது, புஸெலிஸுக்குப் பொய் சொன்னது. டிராஃப்ட் இரவில் இருவருடைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பொய், எது உண்மை என்று பிரித்துச் சொல்லியிருக்க எங்களால் முடிந்திருக்காது. அப்படியென்றால் நாங்கள் எழுதியிருக்க வேண்டியது "தெரியாது, பொறுத்துப் பார்ப்பம்" என்பதுதான். "காணாமல் போயிடுவார்" என்று எழுத எங்களிடம் ஆதாரம் இருக்கவில்லை.

இன்னொரு பதினோராம் ஆள்

புஸெலிஸுக்கு எட்டு வருடம் முந்தி, 2016இல், இன்னொரு லித்துவேனிய ஃபோர்வர்ட் பதினோராம் இடத்தில் எடுபட்டார். டொமான்டாஸ் சபோனிஸ். அவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். அப்பா அர்விடாஸ் சபோனிஸ் போர்ட்லண்ட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில் 1996இல் அங்கே பிறந்தார். ஒர்லாண்டோ அவரை எடுத்து அதே இரவில் ஒக்லஹோமா சிற்றிக்குக் கைமாற்றியது. அங்கே அவருடைய கோச் பில்லி டொனவன். 2025இல் சிக்காகோவில் புஸெலிஸின் கோச் யார்? அதே பில்லி டொனவன். இந்த ஒற்றுமை எங்கட கண்ணில் பட்டபோது எங்களில் ஒருவர் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்.

2016-17இல் ஒக்லஹோமாவின் பந்து முழுக்க ரசல் வெஸ்ட்புரூக்கின் கையில் இருந்தது. அந்த வருடம் புள்ளி, ரிபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்கு மேல் சராசரி வைத்து எம்.வி.பி. விருதை எடுத்தவர் அவர். அவர் உள்ளே பாய்வதற்கு இடம் வேணும். அதனால் புதிய ஃபோர்வர்ட் சபோனிஸுக்குக் கொடுத்த வேலை, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நில், பந்து வந்தால் எறி, அவ்வளவுதான். கூடைக்குக் கிட்ட உடம்பால் இடம்பிடித்து, பந்தை வாங்கி, வெட்டி ஓடுகிற ஆளுக்குப் பாஸ் கொடுக்கிறதுதான் அவருடைய பலம். அந்தப் பலம் அங்கே தேவைப்படவில்லை. 66 ஆட்டங்களைத் தொடக்க ஐவரில் ஒருவராகத் தொடங்கியும் சராசரி 5.9 புள்ளி, 3.6 ரிபவுண்ட். அந்த எண்களை மட்டும் பார்த்தால் ஒரு சாதாரண மாற்று வீரர்.

அடுத்த கோடையில் போல் ஜோர்ஜுக்குப் பதிலாக விக்டர் ஒலடிப்போவோடு சேர்த்து அவரை இந்தியானாவுக்கு அனுப்பினார்கள். இந்தியானா ஏமாந்துபோச்சு எண்டு அப்போது எல்லாரும் சிரித்தார்கள். இந்தியானாவில் அவரைக் கூடைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள், பந்தைக் கையில் கொடுத்தார்கள். 2019-20இல் 18.5 புள்ளி, 12.4 ரிபவுண்ட், 5 அசிஸ்ட், ஓல் ஸ்டார் தெரிவு. பிறகு சக்ரமெண்டோ போய், 2023 தொடக்கம் 2025 வரை மூன்று சீசன் தொடர்ச்சியாக முழு லீக்கிலும் அதிக ரிபவுண்ட் சராசரி வைத்திருந்தார்.

டொனவன் கெட்ட கோச் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெஸ்ட்புரூக்கைச் சுற்றி அணி கட்ட வேண்டியிருந்தது, அந்த அணி அந்த வருடம் 47 ஆட்டங்கள் வென்றது. ஆனால் ஒக்லஹோமாவில் நின்ற சபோனிஸைப் பார்த்து அவருடைய எதிர்காலத்தை எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை ஆகியிருக்கும்! ஒரு இளம் ஃபோர்வர்டைக் கணிக்கும்போது பாதி நேரம் நாங்கள் கணிப்பது அவரை நிறுத்தி வைத்திருக்கிற இடத்தைத்தான். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்ததே இதுதான்.

சிக்காகோவிலும் அதே மாதிரி நடந்தது, ஆனால் விரைவாக. முதல் மாதங்களில் புஸெலிஸ் பெஞ்சில் இருந்து வந்து கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போனார். 2025 பெப்ரவரியில் ஸக் லவீனை சக்ரமெண்டோவுக்கு, அதுவும் சபோனிஸ் ஆடுகிற அணிக்கே, அனுப்பினார்கள். இடம் காலியானது. அதற்குப் பிறகு தொடக்க ஐவரில் புஸெலிஸ். அணி வேகமாக ஓடத் தொடங்கியது, ஜோஷ் கிடி பந்தைக் கொண்டுவந்து சரியான நேரத்தில் கொடுத்தார், புஸெலிஸ் வெட்டி ஓடினார். 80 ஆட்டங்கள் ஆடி, சராசரி 8.6 புள்ளியோடு, புதுமுகங்களின் இரண்டாவது சிறப்பணியில் இடம்பிடித்தார். சிக்காகோ 39 வென்று 43 தோற்று, வழமைபோல ப்ளே-இன்னில் மயாமியிடம் விழுந்தது. மூன்றாவது வருடமாக!

"லித்துவேனியன்" என்ற ஸ்டிக்கர்

எங்கட இரண்டாவது பிழை இது. பெயரின் கடைசியில் "-இஸ்", "-ஆஸ்" என்று வந்தவுடனே ஒரு படத்தை மனசில் கீறிவிடுகிறோம்: பெரிய ஆள், மெதுவான கால், அழகான பாஸ், கெட்டிக்கார மூளை. அந்தப் படம் அர்விடாஸ் சபோனிஸுடையது. 1986இல் போர்ட்லண்ட் அவரை டிராஃப்டில் எடுத்தும், சோவியத் ஆட்சியும் காயங்களும் குறுக்கே நின்று, 1995இல் முப்பது வயதில்தான் அவர் என்.பி.ஏ.க்கு வந்தார். அதற்கிடையில் குதிக்கால் நரம்பு அறுந்து, ஓடிப் பாய்கிற ஆட்டம் போய்விட்டது. அமெரிக்கா கண்டது மெதுவாக நடந்து பாஸ் கொடுக்கிற சபோனிஸைத்தான். அந்த மெதுவான நடை காயத்தின் விளைவு. நாங்கள் அதை ஒரு நாட்டின் குணமாக எழுதிவிட்டோம்.

புஸெலிஸ் அந்தப் படத்துக்குப் பொருந்தவே மாட்டார். பாய்வார், டங்க் அடிப்பார். 2025 டங்க் போட்டியில்கூட நின்றார். பாஸ்தான் குறைவு: முதல் சீசனில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு அசிஸ்ட் அளவில். டொமான்டாஸ் 2023-24இல் 8.2 வைத்திருந்தவர். "லித்துவேனியன் எண்டா பாஸ் கொடுப்பான்" என்று எதிர்பார்த்தால் புஸெலிஸ் ஏமாற்றம். எதிர்பார்க்காமல் பார்த்தால் அவர் வேறொரு வகை வீரர், அவ்வளவுதான்.

அதற்காக அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லையென்றும் சொல்ல ஏலாது. சிக்காகோவும் லித்துவேனியாவும் கூடைப்பந்தால் கட்டுப்பட்ட இரண்டு ஊர்கள் மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லித்துவேனியர்கள் சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். அப்டன் சின்கிளேயரின் 'தி ஜங்கிள்' நாவல் (1906) அந்த ஆக்களைப் பற்றியதுதான். 1937இல் ரீகாவில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தை லித்துவேனியா வென்றபோது அணியை நடத்தியவர் சிக்காகோவில் பிறந்த ஃபெலிக்ஸாஸ் கிரியௌச்சூனாஸ். 1939இல் கௌனாஸில் திரும்ப வென்றபோது நடுவில் நின்றவர் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த பிரானாஸ் லூபினாஸ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்றவர். முப்பது இலட்சம்கூட இல்லாத ஒரு நாட்டில் கூடைப்பந்து இந்த அளவுக்கு வேரூன்றியதற்கு, வெளிநாட்டில் பிறந்து பெற்றோரின் ஊருக்குப் போன பிள்ளைகள் ஒரு பெரிய காரணம்.

ஆகவே கௌனாஸில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் புஸெலிஸை "எங்கட ஆள்" எண்டு சொன்னால் அதில் ஞாயம் இருக்கு. புலம்பெயர்ந்த பிள்ளைகளைச் சொந்தம் கொண்டாடுவது எங்களுக்கும் தெரியாத பழக்கம் இல்லையே. எங்கட ஆள் என்று சொல்லலாம், சந்தோஷப்படலாம். எங்கட ஆள், ஆகவே இப்படித்தான் ஆடவேணும் என்று கேட்கும்போதுதான் அந்தச் சொந்தம் பாரமாகிறது.

உடம்பு என்ற லொத்தர்

எங்கட பக்கத்துக்கு எதிரான கதையையும் சொல்லவேணும். "இடம் சரியாக அமைந்தால் எல்லாரும் வருவாங்கள்" என்று நாங்கள் சொன்னால் டொனாடாஸ் மொட்டியேயூனாஸ் என்ற பெயர் குறுக்கே வரும். ஏழடி உயர ஃபோர்வர்ட். 2011 டிராஃப்டில் இருபதாம் ஆள். ஹூஸ்டன் பொறுமையாக வளர்த்தது. 2014-15இல் ஆட்டத்துக்கு 12 புள்ளி, கூடைக்கு முதுகு காட்டி நின்று இரண்டு கையாலும் போடுவார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது முதுகில் சத்திரசிகிச்சை. 2016 பெப்ரவரியில் டெட்ரொயிட்டுக்குக் கைமாற்றினார்கள்; வைத்தியப் பரிசோதனையில் தேறவில்லையென்று டெட்ரொயிட் திருப்பி அனுப்பியது. அதே வருடம் டிசம்பரில் புரூக்ளின் கொடுத்த ஒப்பந்தத்தைத் தானே தருகிறேன் என்று ஹூஸ்டன் பிடித்துவைத்தது. பிறகு பணம், பரிசோதனை என்று இழுபறிப்பட்டு கடைசியில் விட்டுவிட்டது. 26 வயதில் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்துபோனது.

எந்த ஸ்கவுட்டும் அந்த முதுகை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. திறமை இருந்தது, இடமும் அமைந்தது, உடம்பு விடவில்லை. எங்கட கணிப்புக்குக் கீழேயும் இந்த ஒரு வரி எப்போதும் சின்ன எழுத்தில் இருக்கவேணும்.

சரி, எங்கட கணிப்பு

புஸெலிஸிடம் நாங்கள் நிச்சயமாகக் கண்டவை மூன்று. ஒன்று, பந்து இல்லாமல் ஓடத் தெரியும். தடுப்பவர் தலையைத் திருப்பின நொடியில் கூடைக்குப் பாய்கிறார். இது பழக்கிக் கொடுக்கக் கஷ்டமான குணம். இரண்டு, இன்னொருவருடைய ஆள் உள்ளே நுழையும்போது பக்கத்தில் இருந்து ஓடிவந்து எழும்பித் தடுக்கிறார். இந்த உயரத்தில் இப்படிக் கால் எடுத்து வைக்கிற ஃபோர்வர்ட் அதிகம் இல்லை. மூன்று, பயம் இல்லை. பெரிய பெயர் முன்னால் நின்றாலும் ஏறி அடிக்கப் போகிறார். சிலவேளை அது வீண் வீறாப்பாகவும் முடிகிறது.

குறைகளும் மூன்று. உடம்பு இன்னும் பாரம் போடவேணும். பலமான ஃபோர்வர்ட் தோளால் தள்ளினால் பின்னுக்குப் போகிறார். கூட்டத்துக்குள் பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது பந்து கையைவிட்டுத் தூரப் போகிறது. இரண்டு பேர் அடைக்கும்போது மூன்றாவது ஆளைக் காண்பது பிந்துகிறது. கையை விரித்தால் நீளம் உயரத்தை விடப் பெரிதாகக் கூட இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அதனால் நடுவில் நின்று கூடையைக் காக்கிற வேலையை அவரிடம் கொடுக்கக்கூடாது.

எங்கட முடிவு: இருபத்தைந்து வயதில் புஸெலிஸ் ஒரு நல்ல அணியின் தொடக்க ஐவரில், இரண்டாவது அல்லது மூன்றாவது முக்கியமான ஆளாக இருப்பார். மூன்று புள்ளி எறிதல் நூற்றுக்கு 35ஐச் சுற்றி நிற்கும். அணியின் முழுப் பாரத்தையும் சுமக்கிற முதல் ஆளாக வருவாரா? அதற்குப் பந்தோடு வேலை செய்யப் பழகவேணும். இரண்டாவது ஐவர் ஆடும் நேரத்தில் ஒரு ஏழெட்டு நிமிடமாவது பந்தை அவர் கையில் கொடுத்து, பிழைவிட விட்டு, டொனவன் பொறுத்திருக்க வேணும். ஒக்லஹோமாவில் ஒரு லித்துவேனியரை மூலையில் நிறுத்திய கோச்சுக்கு இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது என்றும் இதைப் பார்க்கலாம்.

ஒக்டோபரில் திரும்பவும் விடியவே எழும்புவோம். இரண்டாவது சீசனில் அவர் சறுக்கினால் குரூப்பில் அதே பழைய வசனத்தை யாரோ எழுதத்தான் போகிறார்கள். அப்போது விரலை உயர்த்த முதல் இரண்டு விஷயத்தைப் பார்ப்பம்: அவரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், எத்தனை எறிதலை வைத்துக் கதைக்கிறம். நாங்கள் பிழைத்தால் இந்தக் கட்டுரையை எடுத்து எங்கட முகத்துக்கு நேரே காட்டுங்கோ. 2029 மட்டும் இது இஞ்சயே இருக்கும்.